ஃபில் ஹெல்முத் வெறும் வாய்ச்சவடாலா, உண்மையிலேயே பெரிய போக்கர் ஆட்டக்காரரா?

"ஃபில் ஐவிக்கு முன்னால் ஹெல்முத் எல்லாம் ஒரு ஆளா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆள்தான். உலகப் போக்கர் தொடரில் 2024 வரை அவர் வாங்கியது 17 பிரேஸ்லெட் (அங்கே ஒரு போட்டியை ஜெயித்தால் தரும் கைக்காப்பு). இன்னொரு பெரிய போக்கர் ஆட்டக்காரரான ஐவி வாங்கியது 11.

ஆனால் அந்தக் கணக்கு டோர்னமெண்டுக்கு மட்டும்தான். அங்கே சிப்ஸ் (பணத்துக்குப் பதில் பந்தயம் வைக்கும் வில்லைகள்) தீர்ந்தால் நடையைக் கட்ட வேண்டும். நேரடியாகப் பணத்துக்கு ஆடும் கேஷ் கேமில் மறுபடி பணம் போட்டு உட்காரலாம். ஹெல்முத்தின் பலம் பொறுமை. சந்தேகமான சீட்டைத் தயங்காமல் கவிழ்த்துவிட்டு, எதிராளி அவசரப்படும்வரை காத்திருப்பார். உலகப் போக்கர் தொடரின் 1989 முக்கியப் போட்டி இறுதியாட்டத்தில் 24 வயதுப் பையன் அவர். எதிரே, 1987, 1988 இரண்டு வருடமும் பட்டம் அடித்த ஜானி சான். சான் கையில் ஏஸும் ஏழும், இவர் கையில் ஜோடி ஒன்பது. ஜோடி ஒன்பதே ஜெயித்தது, பட்டம் இவருக்கு. தோற்றால் ஹெல்முத் மேசையில் போடுகிற கூப்பாடு இருக்கிறதே, கெட்ட பெயர் முழுக்க அதனால் வந்ததுதான்.

ஐவி வேறு ரகம். முகத்தைப் பார்த்து ஒன்றும் படிக்க முடியாது, சீட்டு மோசமாக இருந்தாலும் பந்தயத்தை ஏற்றுவார். நம்ம நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆடியிருந்தால் புரியும்: அதில் பெரிய சீட்டான ஜாக்கி வந்தால் மட்டும் ஏலம் கேட்கிறவனுக்கு எல்லோரும் பாஸ் சொல்லி ஒதுங்கிவிடுவார்கள். ஜாக்கியே இல்லாமல் கேட்கிறவனிடம்தான் கை நடுங்கும். கேஷ் கேமில் ஐவி பக்கம்தான் நான், அதில் யோசிக்க எதுவும் இல்லை.