மைதானத்தை முதலில் அளந்து வையுங்கள்

கேள்வி: தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு நகராட்சியில் வசிக்கிறேன். ஊர் நடுவில் பழைய நகராட்சி மன்றக் கட்டடம், அதை ஒட்டிக் கிளை நூலகம், முன்னால் ஒரு மைதானம். மைதானத்தின் ஓரத்தில் வாரச் சந்தை கூடும். இவற்றை இடித்துவிட்டு ஆயிரம் பேர் அமரும் குளிர்சாதன அரங்கம், கடைகள், நூலகம் எல்லாம் சேர்ந்த ஒரே வளாகம் கட்டப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். மூன்று வாரத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது. நாங்கள் பத்துப் பேர் கொண்ட வாசகர் வட்டம். அங்கே என்ன கேட்பது, எதை வலியுறுத்துவது?

பதில்: கூட்டத்தில் முதலில் ஒரு வண்ணப் படத்தைத் திரையில் காட்டுவார்கள். கண்ணாடி முகப்பு, புல்வெளி, குடை பிடித்து நடக்கும் ஆட்கள் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் படத்தை வைத்துப் பேச ஆரம்பித்தால் முகப்பின் நிறத்தைப் பற்றிப் பேசியே நேரம் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே உங்கள் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். இந்த இடத்தில் ஓர் ஆண்டு முழுவதும் என்னென்ன நடக்கிறது என்ற கணக்கு அதில் இருக்க வேண்டும்.

பத்துப் பேர் இருக்கிறீர்கள், மூன்று வாரம் இருக்கிறது. முறை வைத்துக்கொண்டு போய் எண்ணுங்கள். விடியற்காலையில் நடப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? மாலையில் பந்து விளையாடும் பிள்ளைகள் எத்தனை பேர்? சந்தை நாளில் தரைக்கடை எத்தனை, தள்ளுவண்டி எத்தனை, சரக்கு இறக்கும் வேன் எங்கே நிற்கிறது? நூலகத்துக்கு நாளிதழ் படிக்க வருகிற முதியவர்கள் எந்த நேரம் வந்து எந்த நேரம் போகிறார்கள்? இப்போது கண்ணில் படாதவற்றை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கோயில் கொடைத் திருவிழா நாட்களில் வில்லுப்பாட்டு எங்கே நடக்கும், சப்பரம் எந்த வழியாக வந்து எங்கே திரும்பும், வெள்ளம் வந்தபோது மக்களை எங்கே தங்க வைத்தார்கள் என்று கேளுங்கள். இந்தக் கணக்கைத் திட்ட ஆலோசகர் எடுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் எடுத்திருக்க மாட்டார்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களின் நடுவிடம் என்பது காலியாக விட்டு வைத்த இடம். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு ரத வீதிகளைப் பாருங்கள். ஆனி மாதம் தேர் ஓட வேண்டும், மூலையில் திரும்ப வேண்டும் என்ற தேவைதான் அந்த அகலத்தைக் காத்து வருகிறது. மற்ற நாட்களில் துணிக்கடையும் பாத்திரக்கடையும் அந்த அகலத்தில் பிழைக்கின்றன. சில நாள் திருவிழாவுக்காகக் காத்த இடம் ஆண்டு முழுவதும் ஊருக்குச் சோறு போடுகிறது. மறுசீரமைப்பு என்று வரும்போது முதலில் பறிபோவது இந்தக் காலி இடம்தான். வரைபடத்தில் அது ‘பயன்பாடற்ற நிலம்’ என்று தெரியும். அரங்கம் கொஞ்சம் முன்னால் நீளும், வாகன நிறுத்தம் கொஞ்சம் உள்ளே வரும், மிச்சத்தில் ஒரு நீரூற்று வைப்பார்கள். ஆகவே கூட்டத்தில் உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இப்போது எத்தனை சதுர மீட்டர் திறந்தவெளி இருக்கிறது, கட்டி முடித்த பிறகு எத்தனை இருக்கும்? வாகனம் நிற்கும் இடத்தைத் திறந்தவெளிக் கணக்கில் சேர்க்க விடாதீர்கள்.

நிலம் யாருடையது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்கிப் பார்த்தால் மன்றம், நூலகம், மைதானம் மூன்றும் தனித்தனிப் புல எண்களில் இருப்பது தெரிய வரலாம். மைதானம் பூங்காவாகவோ விளையாட்டிடமாகவோ ஒதுக்கப்பட்டதா என்று பாருங்கள். அப்படியானால் பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்கும் 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும். நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தால் பேச்சே வேறு. நூலகம் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் வருவது. சொத்து வரியோடு நீங்கள் கட்டும் நூலக வரி அங்கேதான் போய்ச் சேர வேண்டும். எனவே மாவட்ட நூலக அலுவலருக்குத் தனியாக ஒரு மனு கொடுங்கள். கட்டுமானம் நடக்கும் காலத்தில் புத்தகங்கள் மூட்டைக்குள் கிடக்கக் கூடாது, மாற்று இடத்தில் நூலகம் இயங்க வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது பழைய மன்றம். ‘கட்டடம் பழுதடைந்துவிட்டது’ என்ற ஒற்றை வரியை நம்பி இடிக்கச் சம்மதிக்காதீர்கள். கட்டமைப்பு உறுதி ஆய்வு நடந்ததா, அறிக்கை எங்கே என்று கேளுங்கள். அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடங்களில் பெரும்பாலும் மெட்ராஸ் டெர்ரஸ் கூரைதான், அதாவது தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மட்டக் கூரைதான் கெடும். நீர் இறங்கித் தேக்கு உத்தரத்தின் முனை உளுத்துப் போகும், சுவர் திடமாகவே நிற்கும். சுவர் கெடுவதற்கு முக்கியக் காரணம் பின்னாளில் மேலே பூசிய சிமென்ட். அது ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கிறது. சிமென்ட் பூச்சை உரித்துச் சுண்ணாம்பு பூசி, உத்தரங்களை மாற்றினால் அந்தக் கட்டடம் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். பாளையங்கோட்டைக் கோட்டையின் எஞ்சிய பகுதி ஒன்றில்தான் நம் மாவட்டத்தின் அரசு அருங்காட்சியகம் இயங்கி வந்திருக்கிறது. போருக்குக் கட்டிய சுவர் காட்சிக்கூடமாக முடியும் என்றால், கூட்டம் நடத்தக் கட்டிய மன்றம் வாசிப்பு அறையாக முடியாதா?

வெள்ளத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி போதும். ஆனால் அதைக் கட்டாயம் கேளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. நெல்லையில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. உங்கள் ஊரில் அன்று நீர் நின்ற மட்டம் ஏதாவது ஒரு சுவரில் இன்னும் கறையாக இருக்கும். அதிலிருந்து புதிய கட்டடத்தின் தரைமட்டம் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். மின்மாற்றியும் ஜெனரேட்டரும் அதைவிட உயரத்தில் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். தரைமட்டத்தை 90 செ.மீ. உயர்த்தினால், 12க்கு 1 என்ற சரிவில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் மட்டுமே ஏறக்குறைய 11 மீட்டர் நீளம் வேண்டும். அதற்கு வரைபடத்தில் இடம் விட்டிருக்கிறார்களா என்று அளந்து பாருங்கள். கடைசியில் ஓரத்தில் செங்குத்தாக ஒட்டவைத்த சாய்தளங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் யாரும் ஏற முடியாது.

இப்போது அரங்கத்துக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் தென்மாவட்டத்தில் ஓர் ஊரில் நானும் சேர்ந்து வடிவமைத்த ஓர் அரங்கத்தின் திறப்பு விழாவுக்கு, கோயில் கொடைகளில் ஆடிப் பாடும் கணியான் கூத்துக் குழுவை அழைத்திருந்தார்கள். அவர்கள் அடிக்கும் மகுடம் என்ற தோல் கருவியைத் தீயில் காய்ச்சினால்தான் தோல் இறுகிச் சுருதி ஏறும். தீ மூட்ட அந்தக் கட்டடத்தில் ஓர் அடி மண் தரை இல்லை. வாகன நிறுத்தத்தில் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு வருவதற்குள் தோல் தளர்ந்துவிட்டது. மேடை நான்கு அடி உயரம், அதற்கும் முதல் வரிசைக்கும் நடுவே இருபது அடி. குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி சிறிது நேரம் பாடிப் பார்த்தார். பிறகு ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். சனங்கள் நாற்காலிகளை விட்டு எழுந்து வந்து அவர்களைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். அன்று நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். கணியான் கூத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் கரகத்துக்கும் வேண்டியது தாழ்ந்த மேடை, அதைச் சுற்றி உட்கார மண் தரை, பின்புறம் ஒரு முற்றம், பெண் கலைஞர்கள் உடை மாற்றக் கழிவறையோடு கூடிய ஓர் அறை. இவை நான்கும் சேர்ந்தாலும் குளிர்சாதனக் கருவிக்கு ஆகும் செலவில் ஒரு பங்குதான் ஆகும்.

ஆயிரம் பேர் உள்ளே அமரும் நிகழ்ச்சி ஆண்டில் எத்தனை நாள் என்று உங்கள் கணக்கிலேயே பாருங்கள். நான் வேலை பார்த்த சிறிய ஊர்களில் அது ஒரு கைவிரலுக்குள் அடங்கியது. என் பரிந்துரை இது: முந்நூறு பேர் அமரும் ஓர் அரங்கம், அதன் மேடை பின்பக்கமும் திறந்து மைதானத்தைப் பார்க்க வேண்டும். சிறிய கூட்டம் உள்ளே, பெரிய கூட்டம் வெளியே, மேடை ஒன்றே. திறந்தவெளியில் மாலையில் உட்காருகிறவர்கள் முகத்தில் மேற்கு வெயில் அடிக்காதபடி திசையை அமைக்க வேண்டும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்றை நம் பக்கத்தில் எல்லோரும் அறிவோம். பெரிய தகரக் கூரை போட்டால் அந்தக் காற்றைத் தாங்கும் கணக்கைப் பொறியாளர் கையெழுத்தோடு கேளுங்கள். உள்ளரங்கத்தில் எதிரொலி அடங்கும் நேரம் பேச்சுக்கு ஒரு நொடியை ஒட்டி இருக்க வேண்டும். டைல்ஸும் கண்ணாடியும் பதித்த கல்யாண மண்டபங்களில் அது பல நொடி நீள்வதால்தான் எத்தனை ஒலிபெருக்கி வைத்தாலும் சொல் விளங்குவதில்லை.

சந்தை வியாபாரிகளை இந்தக் கூட்டத்துக்கு யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் அழைத்துக்கொண்டு போங்கள். 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். சான்றிதழ் பெற்ற வியாபாரியை இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். புதிய கடைகள் ஏலத்தில் போகும்போது முருங்கைக்காய் விற்கும் ஆச்சிக்கு அதில் ஒன்று கிடைக்கப் போவதில்லை. அவருக்கு வேண்டியது நிழலும் தண்ணீர்க் குழாயும் வாரம் ஒரு நாள் இடமும். வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்தால் சந்தை ஒரு வாரம்கூட நிற்க வேண்டியதில்லை. புதிய கடைகளின் வரிசை மைதானத்தைச் சாலையிலிருந்து மறைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் தயங்காமல் வந்து போவது சாலையிலிருந்து பார்வை படும் இடத்துக்குத்தான்.

கட்டுவதற்கு மானியம் வரும், நடத்துவதற்கு வராது. விரிவான திட்ட அறிக்கையில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கான மின்கட்டணம், துப்புரவு, லிஃப்ட் பராமரிப்பு, காவலர் சம்பளம் ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். உள்ளூர்ப் பள்ளிக்கும் கலைக்குழுவுக்கும் அரை நாள் வாடகை எவ்வளவு, அரங்கத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் நகர்மன்றத் தீர்மானமாகவே கேளுங்கள்.

திட்ட அறிக்கை, மண் பரிசோதனை அறிக்கை, நிலப் பதிவேடு இந்த மூன்றுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்றே மனுப் போடுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, எனவே கூட்டத்துக்கு முன் வராமல் போகலாம். அதனால் ஆணையரை நேரில் பார்த்து, கோப்பைப் பார்வையிட அனுமதி கேட்டு ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 2022 நவம்பர் 1 முதல் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்து வருகின்றன. உங்கள் வார்டில் அடுத்தது எப்போது என்று கவுன்சிலரிடம் கேட்டு, அங்கேயும் இதே கேள்விகளைப் பதிவு செய்யுங்கள்.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை, அனுமதி வாங்கிக்கொண்டு, திட்டக் கட்டடத்தின் எல்லையை மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் உள்ளபடியே கோடு போட்டுக் காட்டுங்கள். கபடிக்குக் கோடு போடுகிற பிள்ளைகளே அளவு நாடா பிடிப்பார்கள். சுவர் வரும் இடம், வாசல், வாகன நிறுத்தம் எல்லாவற்றையும் வரையுங்கள். பிறகு வழக்கம்போல் பிள்ளைகளை விளையாட விடுங்கள், பெரியவர்களைக் கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். பந்து எத்தனை முறை கோட்டைத் தாண்டுகிறது என்று ஒருவர் எண்ணி எழுதட்டும். அந்த எண்ணையும் உங்கள் தாளில் சேர்த்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.