'வெறும்' என்ற சொல்

கேள்வி: நான் எம்.ஏ. தமிழ் முடித்தவள். கவிதை, நாவல், மொழிபெயர்ப்பு என்று நிறையப் படிப்பேன். இரண்டு வருடமாக ஒருவரைக் காதலிக்கிறேன். நல்ல மனிதர். ஆனால் அவர் படிப்பது வெறும் மாத நாவல்தான். மாதம் பிறந்தால் பஸ் ஸ்டாண்டு கடையில் இரண்டு வாங்குவார், வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே படித்து முடித்துவிடுவார். வாசிப்பு ரசனை ஒத்துப்போகாத இருவர் கல்யாணம் செய்துகொண்டால் சரிப்பட்டு வருமா?
— பெயர் வேண்டாம், மயிலாடுதுறை

பதில்: கல்யாணத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 'வெறும்'. வெறும் வயிறு என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் கை என்றால் கையில் ஒன்றும் இல்லை. மாத நாவலுக்கு முன்னால் அதைப் போடும்போது, படிக்கிறவர் மண்டையிலும் ஒன்றும் இல்லை என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். இந்தச் சொல்லோடு இதே பக்கத்தில் பல வருடமாகச் சண்டை போட்டு வருகிறேன். இலக்கியக் கூட்டங்களில் மேடையேறி மாத நாவலைத் திட்டும் நண்பர்கள் எனக்கு உண்டு. 1969-ல் ராணி முத்து என்ற மாத நாவல் இதழ் தொடங்கியபோது முதலில் வந்தது, பின்னாளில் ஞானபீட விருது வாங்கிய அகிலனின் நாவல் என்பதைச் சொன்னால், பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டி, கிளிப் போட்டு, துணி காயப்போட்டது போலத் தொங்குமே, அந்தப் புத்தகங்களைப் பற்றித்தான் பேசுகிறோம். தாள் மட்டம்தான். விரலில் மை ஒட்டும். ஆனால் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய எத்தனை பேருக்கு எழுத்து மறக்காமல் இருக்கக் காரணம் அந்தத் தாள்! குலுங்குகிற பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு மனிதர் புத்தகம் படித்து முடிக்கிறார் என்றால் எனக்கு அவர் மேல் மரியாதை வருகிறது.

உங்கள் பக்கத்து ஊரான சீர்காழியில் பிறந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகங்களுக்காக 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். தரமான வாசகர், தரமில்லாத வாசகர் என்று அவர் எங்கேயும் கோடு கிழிக்கவில்லை. 1948-ல் இங்கே பொது நூலகச் சட்டம் வந்ததற்கு அவருடைய பல வருட உழைப்பு காரணம். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். உங்கள் வீட்டில் வாங்குவது போலவே உங்கள் காதலர் வீட்டிலும் வாங்குகிறார்கள். கவிதை படிப்பவருக்கு ஒரு விகிதம், மாத நாவல் படிப்பவருக்கு ஒரு விகிதம் என்று இல்லை. அந்தப் பணம் முழுதாக நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நான் எழுதாத வருடமே கிடையாது. இந்த வருடத்துக்கும் எழுதிவிட்டேன்.

சரி, கல்யாணம். சார்லஸ் டார்வினுக்கும் எம்மாவுக்கும் 1839 ஜனவரியில் கல்யாணம் நடந்தது. எம்மா ஆழ்ந்த பக்தி உள்ளவர். டார்வினுக்கோ நம்பிக்கை தேய்ந்துகொண்டே வந்தது. நிச்சயமான பிறகு எம்மா ஒரு கடிதம் எழுதினார். யோவான் சுவிசேஷத்தில் 13-ம் அதிகாரத்தின் கடைசியில் தொடங்கி, இயேசு சீடர்களிடம் விடைபெறும் பகுதியைத் தனக்காகப் படிக்க வேண்டும் என்று கேட்டார். காதலனிடம் ஒரு பெண் வைத்த வாசிப்பு வேண்டுகோள் அது. டார்வின் கடைசிவரை எம்மாவின் வழிக்கு வரவில்லை. ஆனால் கல்யாணமான புதிதில் இதே கவலையோடு எம்மா எழுதிய இன்னொரு கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். பலமுறை அதை முத்தமிட்டு அழுததாக அதன் அடியில் தன் கையாலேயே குறித்தும் வைத்தார்.

அதே டார்வின் வயதான காலத்தில் ஷேக்ஸ்பியரை எடுத்துப் பார்த்து, குமட்டும் அளவுக்குச் சலிப்பாக இருக்கிறது என்று சுயசரிதையில் எழுதினார். அவருக்குப் பிடித்தது நாவல். அவர் சோபாவில் சாய்ந்துகொள்ள, எம்மா சத்தமாகப் படித்துக்காட்டுவார். சுமாரான நாவலும் அவருக்குப் போதும், சோகமாக மட்டும் முடியக்கூடாது. அப்படி முடிப்பதற்கு எதிராகச் சட்டம் போட வேண்டும் என்றே எழுதியிருக்கிறார். நீங்கள் அந்தக் காலத்தில் பிறந்து டார்வினைக் காதலித்திருந்தால், எனக்கு இதே கேள்வியை அனுப்பியிருப்பீர்கள். ராத்திரியானால் டார்வினும் எம்மாவும் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கமன் என்ற ஆட்டம் ஆடினார்கள், வருடக்கணக்காக எண்ணிக்கை வைத்து. 1876-ல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் எம்மா ஜெயித்தது 2490, தான் ஜெயித்தது 2795 என்று டார்வின் குதூகலிக்கிறார்.

அதனால் அவர் என்ன படிக்கிறார் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். "எந்நேரமும் புத்தகமா?" என்று விளக்கை அணைக்கிறவராக இருந்தால், அவர் உங்கள் கவிஞர்களையே கரைத்துக் குடித்தவரானாலும் யோசியுங்கள். அவர் நாவலைப் பிரிக்கும்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்றும் அவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும். சொல்லாமல் இருந்திருப்பார்.

என் அப்பா பேப்பர் தவிர எதையும் படித்ததில்லை. அம்மாவுக்குத் தொடர்கதை உயிர். வாரா வாரம் அம்மா படித்து முடித்ததும், அந்தப் பக்கங்களை பிளேடால் அறுத்து எடுத்து அடுக்கி வைப்பது அப்பா வேலை. கதை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதா மாவில் பசை காய்ச்சுவார். கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை ஒட்டி, முதுகில் காலிகோ துணி வைத்து, அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைப்பார். மறுநாள் புத்தகம். அப்படி 11 தொகுதிகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. கதை தெரியாத மனிதர் என்பதால் ஒன்றில் ஒரு வாரத்துப் பக்கங்கள் முன்பின்னாகத் தைத்துவிட்டார். அம்மா அதைப் பிரிக்கவும் இல்லை, அப்பாவிடம் சொல்லவும் இல்லை. அந்த இடத்தில் ஓரமாக, பென்சிலில், '8 பக்கம் தள்ளிப் படிக்க' என்று எழுதி வைத்திருக்கிறார்.