அந்த ஜன்னல் பூட்டை முதலில் கழற்றுங்கள்

கேள்வி: திருமணமாகி இங்கிலாந்தில் லிங்கன்ஷயரில் இருக்கிறேன். கணவர் ஆங்கிலேயர். நூறு வயதான அவருடைய தாத்தா எங்களோடு இருக்கிறார். 1944-ல் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் வால்பக்கத் துப்பாக்கி வீரராக இருந்தவர். ராத்திரியில் தூங்காமல், விளக்கை அணைத்துவிட்டு, பனிக்காலத்திலும் ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறார். ஹீட்டிங் பில் ஏறியதால் ஜன்னலுக்குப் பூட்டு போட்டோம். இப்போது எங்கள் மேல் எரிந்து விழுகிறார். முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். சேர்த்தால் பாவமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பாவ புண்ணியம் அப்புறம். இதுபோன்ற கடிதம் எழுதுகிற எல்லாரும் 'சேர்த்தால் தப்பில்லை' என்ற ஒரு வார்த்தையைத்தான் என்னிடம் எதிர்பார்க்கிறார்கள். நான் சொல்லப்போவதில்லை. பில்லோடு சேர்த்து ஒரே வரியில் தாண்டிப்போனீர்களே, அந்தப் பூட்டுக்கு வாருங்கள்.

தாத்தா அந்த விமானத்தில் என்ன வேலை பார்த்தார் என்று வீட்டில் யாராவது கேட்டீர்களா? ஏழு பேரில் அவர் மட்டும் தனியாக, வால்முனைக் கூண்டில், நான்கு இயந்திரத் துப்பாக்கிகளோடு பின்பக்கம் பார்த்தபடி பல மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஜெர்மன் போர் விமானங்கள் பெரும்பாலும் பின்னாலிருந்தும் கீழிருந்தும்தான் வரும். அவர் பார்த்துக் கத்தினால்தான் விமானி சட்டென்று சாய்த்து இறக்குவார். கண்ணாடியில் ஒரு எண்ணெய்ப் புள்ளி இருந்தாலும் எதிரியா அழுக்கா என்று தெரியாது. அதனால் பல வால்பக்க வீரர்கள் கண்ணுக்கு நேரே இருந்த பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டையே எடுத்துவிட்டார்கள். வெளியே மைனஸ் 40 டிகிரி வரை குளிர். பாராசூட்டுக்குக்கூடக் கூண்டில் இடமில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் மாட்டியிருக்கும்.

குளிரைத் தாங்கிக்கொண்டு கண்ணாடியை எடுத்தவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம். அவருடைய கண்ணாடிக்கு நீங்கள் பூட்டு போட்டிருக்கிறீர்கள். அவர் மனதுக்குள் போய்ப் பார்க்க என்னால் முடியாது. ஆனால் இருட்டில் திறந்த ஜன்னலுக்கு முன்னால் உட்காருவதை வயசுக் கோளாறு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

தாத்தா இருந்த பாம்பர் கமாண்ட் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் விமானத்தில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் திரும்பவில்லை. திரும்பும் வழியெல்லாம் பின்னால் எரியும் நகரத்தை அதிக நேரம் பார்த்தவரும் வால்பக்க வீரர்தான். கீழே செத்தவர்களில் குழந்தைகளும் உண்டு. அது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். போர் முடிந்ததும் இந்த விமான வீரர்களைப் பற்றிப் பேசவே நாடு கூச்சப்பட்டது. லண்டன் கிரீன் பார்க்கில் நினைவிடம் எழுந்தது 2012-ல். பதக்கத்தில் பொருத்தும் ஒரு சிறு பட்டை கிடைத்தது 2013-ல். அதற்குள் எத்தனையோ பேர் போய்ச்சேர்ந்துவிட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் கணவர் வாய் திறப்பது ஒரே இடத்தில்தான், தாத்தாவை அனுப்பிவிடலாம் என்று சொல்வதற்கு. வீட்டுக்கு வந்த பெண் தவித்துக் கடிதம் எழுத, ரத்த உறவு ஒதுங்கி நிற்பதா? வளர்த்தவர்களைக் கடைசிவரை வீட்டில் வைத்துக் காப்பது கடமை என்று நம்புகிறவன் நான். உடம்பு வீட்டில் சமாளிக்க முடியாத நிலைக்குப் போனால் இல்லம் பற்றிப் பேசலாம். ஹீட்டிங் பில்லுக்காகப் பேசக் கூடாது. பணம்தான் நெருக்கடி என்றால், விமானப்படையினருக்கு உதவவே ராயல் ஏர் ஃபோர்ஸ் பெனவலன்ட் ஃபண்ட் இருக்கிறது, கேளுங்கள்.

இன்றைக்கே பூட்டைக் கழற்றுங்கள். விழுந்துவிடுவார் என்று பயமிருந்தால் நாலு விரல் அளவுக்கு மேல் திறக்காதபடி தடுப்பு வையுங்கள். தடித்த கோட்டும் கம்பளியும் கொடுங்கள். தூக்கமில்லாததை டாக்டரிடம் சொல்லுங்கள். ராத்திரி பேரன் போய்ப் பக்கத்தில் உட்காரட்டும், விளக்கைப் போடாமல். எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்று கேட்கவே கூடாது. கூடப் பறந்த ஆறு பேரின் பெயரைக் கேட்கட்டும். எந்த ஸ்குவாட்ரன், அதாவது எந்த விமான அணி என்று தெரிந்தால், யார் எந்த இரவில் பறந்தார்கள் என்ற பதிவேடு லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். தேடி எடுத்துவந்து காட்டட்டும்.

கணவருக்குத் தமிழ் தெரியாதென்றால், இந்தப் பதிலை ஒரு வரி விடாமல் அவருக்குச் சொல்லுங்கள்.