மன்னிக்கச் சொல்லும் முன் அவர் சொல்வதைக் கேளுங்கள்

கேள்வி: சிஸ்டர், என் தம்பிக்கு இப்போது 35 வயது. கோவில் பூசையில் உதவும் பீடச் சிறுவனாக இருந்தபோது, அன்றைய உதவிப் பங்குத்தந்தை தன்னிடம் தவறாக நடந்துகொண்டதைப் போன மாதம்தான் சொன்னான். இப்போதைய பங்குத்தந்தையிடம் கூட்டிப் போனேன். "பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது? மன்னித்துவிட்டு ஜெபம் பண்ணுங்கள்" என்றார். "சாமியாரைப் பற்றிப் பேசினால் குடும்பத்துக்கு ஆகாது" என்று அம்மா அழுகிறார். தம்பி மறுபடி வாயே திறப்பதில்லை. நான் என்ன செய்ய?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்பு மகளே, உங்கள் தம்பி சொன்னதை நான் நம்புகிறேன். இதை அவரிடம் சொல்லுங்கள்.

ஆற்றுப்படுத்தும் பணியில் நான் சந்தித்த பலரும், நடந்த கொடுமையைவிட, அதை முதன்முதலில் சொன்னபோது கிடைத்த பதிலைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறார்கள். பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னபோது குருவானவர் கேட்ட ஒரே கேள்வியை, "வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்று ஒருவர் அதே குரலில் சொல்லிக் காட்டினார். மன்னிப்பதா, எப்போது என்பதெல்லாம் உங்கள் தம்பியின் விருப்பம். குற்றவாளிக்காக மன்னிப்பை வாங்கித் தரும் வேலை பங்குத்தந்தைக்கு இல்லை.

சிலி நாட்டில் கரடிமா என்ற குருவால் இளம் வயதில் சீரழிக்கப்பட்ட மூன்று பேர், அதை அறிந்திருந்தும் பார்ரோஸ் என்ற ஆயர் (பிஷப்) மூடி மறைத்தார் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். 2018 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸே அதை அவதூறு என்றார். பிறகு மால்ட்டா பேராயரை அனுப்பி விசாரித்தார். ஏப்ரலில், தான் பெருந்தவறு செய்துவிட்டதாக எழுதினார். மூவரையும் வத்திக்கானில் தான் தங்கியிருந்த சாந்தா மார்த்தா இல்லத்துக்கே அழைத்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசி மன்னிப்புக் கேட்டார். திருத்தந்தையே இறங்கி வந்தபோது உங்கள் பங்குத்தந்தைக்கு என்ன தடை?

தடை இல்லை, கடமையே இருக்கிறது. 2019-இல் வந்த திருச்சபைச் சட்டப்படி, இப்படி ஒன்று தெரியவந்தால் குருக்களும் துறவியரும் உடனே ஆயருக்குத் தெரிவிக்க வேண்டும். புகார் சொன்னவரை வெளியே பேசாதே என்று கட்டிப்போடவும் கூடாது. தம்பி சம்மதித்தால் ஆயருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தம்பியை நேரில் வரச்சொல்லி வற்புறுத்தாதீர்கள். அங்கியைப் பார்த்தாலே நடுங்குகிறவர்கள் உண்டு. இவர்களைச் சந்திக்கும்போது நான் துறவுடை அணிவதில்லை.

ஆயரிடம் கொடுத்தது போலீசில் கொடுத்ததற்கு ஈடாகாது. தம்பிக்கு நடந்தது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்த 2012-க்கு முன் என்பதால் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அதன் கடுமையான பிரிவுகளுக்குக் காலக்கெடு கிடையாது. ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அப்புறம், அந்தக் குரு இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். பள்ளியிலோ விடுதியிலோ பிள்ளைகள் நடுவே இருந்தால் ஒருநாளும் காத்திருக்க வேண்டாம். குழந்தைக்கு எதிரான குற்றம் நடக்கக்கூடும் என்று அஞ்சினால்கூட காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது போக்சோ 19-ஆம் பிரிவு. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழைக்கலாம்.

அம்மாவை என்னோடு பேசச் சொல்லுங்கள். என் எண் பத்திரிகை அலுவலகத்தில் கிடைக்கும்.