புதுச்சேரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கடற்கரை, கஃபே இல்லாமல் எப்படிக் கழிக்கலாம்?

கேள்வி கேட்டவருக்குப் பழைய பொருட்கள் பார்ப்பதில் ஆசை, கூட வரும் தம்பிக்குக் கால்பந்துப் பைத்தியம், கையில் ஒரே ஒரு நாள். இரண்டும் முடியுமா என்கிறார். தாராளமாக முடியும். காலையைப் புதுச்சேரியில் வைத்துக்கொள்ளுங்கள், மாலையைக் கடலூரில். நடுவில் இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான், பஸ் வந்துகொண்டே இருக்கும். போன மாதம் என் மாமாவோடு இப்படித்தான் ஒரு நாள் போய் வந்தேன், அதை வைத்தே சொல்கிறேன்.

காலையில் காந்தி வீதி சண்டே மார்க்கெட். முக்கால்வாசி துணிக்கடைதான், அதைப் பார்த்து ஏமாந்து திரும்பிவிடாதீர்கள். சாக்கு விரித்துப் பழைய சாமான் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஓரங்களில் இருப்பார்கள், அவர்களைத் தேடித்தான் நடக்க வேண்டும். பித்தளைச் சொம்பு, அரிக்கேன் விளக்கு, ஊறுகாய் ஜாடி, ஓடாத கடிகாரம், கல்லாப்பெட்டியின் பூட்டு மட்டும், இப்படி எல்லாம் கலந்து கிடக்கும். இந்த ஊருக்கே உரியதாகச் சில சாமான்களும் வரும். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை இங்கே சொல்தா என்போம், அந்த வீடுகளைக் காலி செய்யும்போது வெளியே வருகிற எனாமல் காப்பிக் கூஜா, தகரப் பெட்டி மாதிரியானவை. வேறு ஊர்ச் சந்தையில் இதைப் பார்ப்பது கஷ்டம்.

பெரிய கடைகளும் உண்டு. தேக்குக் கதவு, செட்டிநாட்டுத் தூண், சாய்வு நாற்காலி எல்லாம் அங்கே இருக்கும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அங்கே பார்க்கப் போங்கள், முதல் தடவையே வாங்கப் போகாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் பித்தளைத் திசைகாட்டி ஒன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். மேலே லண்டன் கம்பெனிப் பெயர், 1800-களில் ஒரு வருடம், எல்லாம் அழகாகப் பொறித்திருந்தது. மாமா லேத் பட்டறையில் முப்பது வருடம் இருந்தவர். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடியில ஸ்டார் ஸ்க்ரூ போட்டிருக்கான் பாருடா" என்றார். அந்த நான்கு கீற்றுத் தலை ஸ்க்ரூ புழக்கத்துக்கு வந்ததே 1930-களில்தான். இதுபோன்ற கப்பல் சாமான்கள் வடக்கே புதிதாகச் செய்து, கறுப்பேற்றி, மூட்டை மூட்டையாக வருகின்றன. அதைப் புதுசு என்று சொல்லி விற்றால் ஒரு தப்பும் இல்லை. பழசு என்று சொல்லி விற்றதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதிலிருந்து மாமா இல்லாமல் போவதில்லை. அவர் சொல்வது ஒன்றுதான்: "கண்ணால பாத்தது பத்தாது, கையில எடு." மரச்சாமான் என்றால் முன்பக்கத்தை விட்டுவிட்டு இழுப்பறையை வெளியே இழுத்து, பின்பலகையையும் அடிப்பக்கத்தையும் தடவிப் பார்ப்பார். முன்பக்கத்துக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் வார்னிஷ் அடிக்கலாம், பின்பக்கத்தில் யாரும் மெனக்கெடுவதில்லை. மரத்துக்குள் மரத்தைச் செருகிக் கழுந்து வைத்து இறுக்கியிருக்கிறதா, கம்பி ஆணியா, கைப்பிடி உரசி உரசித் தேய்ந்த இடம் உண்மையிலேயே விரல் படுகிற இடம்தானா என்று பார்ப்பார். தேய்மானம் கை போகாத இடத்தில் இருந்தால் அது உப்புத்தாள் வேலை.

அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு செம்புத் துட்டு. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே புழங்கவிட்ட காசு, ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்று இருக்கும். துட்டு என்ற சொல்லே டச்சுக்காரர்களின் டொய்ட் என்ற காசிலிருந்து நம்மிடம் வந்தது, நம்மிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டு தூதூ என்று எழுதினார்கள். பிரான்ஸில் ராஜா இருக்க, காசில் நம் எழுத்து. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துவிடும். போலியும் உண்டு, அதனால் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். அச்சில் வைத்து அடித்த காசில் விளிம்பில் ஒட்டுக்கோடு இருக்காது. உருக்கி வார்த்த போலியில் அந்தக் கோடோ, அதை அரத்தால் ராவிய தடமோ, மேலே ஊசி குத்தியது போலக் குட்டிக் குட்டிக் குழிகளோ தெரியும். இது சுத்தமாக இருந்தது. 400 சொன்னார், 250-க்கு முடிந்தது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சாமி சிலை, கோயில் சாமான், ஓலைச்சுவடி யாராவது ரகசியமாகக் காட்டினால் விலைகூடக் கேட்காதீர்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய கலைப்பொருள் தொல்பொருள் என்று கணக்கு, சுவடிக்கு எழுபத்தைந்து வருடம். உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்வது குற்றம், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. சட்டத்தை விடுங்கள், அது ஏதோ ஒரு ஊர்க் கோயிலில் இன்றைக்கு வெறுமையாக இருக்கிற பீடத்துக்குச் சொந்தமானது.

பன்னிரண்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுங்கள், அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாக. முள்ளோடை தாண்டினால் கடலூர் மாவட்டம்.

ஏன் கடலூர்? பெண்கள் கால்பந்துக்காக. இந்திய அணியின் நடுகளத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் இந்த மாவட்டத்துப் பெண். 2018-இல் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல் முறையாகத் தேசியப் பெண்கள் கோப்பையை எடுத்தது, 2023-இல் ஹரியாணாவை அதே 2-1-இல் வென்று மறுபடியும் எடுத்தது. அந்த வளர்ச்சியில் கடலூர் மைதானங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சுனாமி அடித்துப் போட்ட குப்பங்களிலிருந்து வந்து ஆடிய பிள்ளைகளும் உண்டு. இவ்வளவு இருந்தும் உள்ளூர் ஆட்டத்துக்கு நின்று பார்க்க ஐம்பது பேர் வந்தால் அதிகம். எனக்கு அது பெரிய ஆதங்கம். அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

மஞ்சக்குப்பத்தில் அண்ணா ஸ்டேடியம் இருக்கிறது. எல்லா ஞாயிறும் ஆட்டம் இருக்கும் என்று சொல்ல முடியாது, முதல் நாளே யாரையாவது விசாரித்துவிடுங்கள். நாங்கள் போனது மாமாவின் பேத்தி ஆடுகிற ஒரு நட்பு ஆட்டத்துக்கு, வேறொரு சின்ன மைதானத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்கு இரண்டடி தள்ளி நின்று பார்த்தோம். டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். இங்கே பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது இந்தப் பக்க டிஃபென்டர் என்ன செய்கிறாள், யாரைக் கையால் கூப்பிடுகிறாள், எங்கே மூச்சு வாங்குகிறாள் என்று எல்லாம் தெரியும். "ஆள் வருது, ஆள் வருது", "டைம் இருக்குடீ, திரும்பு" என்று ஒருத்திக்கு ஒருத்தி கத்திக்கொண்டே ஆடுவதைக் காதால் கேட்க வேண்டும். கோல்கீப்பர் பெண் தொண்ணூறு நிமிடமும் வாய் மூடவில்லை, பாதி ஆட்டம் அவள் தொண்டையில்தான் ஓடியது. உங்கள் தம்பியைக் கோலுக்குப் பின்னால் நிறுத்தாமல் பக்கவாட்டுக் கோட்டில், பாதி மைதானத்துக்கு நேராக நிறுத்துங்கள், இரண்டு அணியும் எப்படி விரிந்து சுருங்குகின்றன என்பது அங்கிருந்துதான் புரியும்.

1-1 என்று முடிந்தது. பேத்தி லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்க டிஃபென்டர். கால் முழுக்க மண்ணோடு வந்து தண்ணீர் குடித்தாள். மாமா துட்டை எடுத்து அவள் கையில் வைத்தார், வெளிச்சத்தில் சாய்த்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "தாத்தா, செகண்ட் ஆஃப்ல கோட்டுகிட்ட ஒரு பந்து வெட்டினேனே, பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன். ரெண்டடி உள்ள நின்னிருந்தீன்னா வெட்டவே வேண்டியிருந்திருக்காது" என்றார்.