கபடி ஆட்டத்தை லேப்டாப் டிஸ்கில் பதிவு செய்ய, விலை குறைந்த நல்ல கேப்சர் கார்டு எது?

கேமரா படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் இந்தக் கார்டில் விலை குறைந்ததைத்தான் நானும் முதலில் வாங்கினேன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. உங்களிடம் ஹெச்டிஎம்ஐ உள்ள கேமராவும் சுமாரான லேப்டாப்பும் இருக்கும், நடுவர் கேட்டால் அங்கேயே திருப்பிப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறவன் நான். ஒரு பொங்கலுக்குப் பக்கத்து ஊர்ப் பையன்கள் திடலில் ராத்திரி கபடி நடத்தினார்கள். "அண்ணே, டிவில காட்டுற மாதிரி ரீப்ளே வேணும்" என்றார்கள். பென்டிரைவ் அளவில் ஒரு கேப்சர் ஸ்டிக் வாங்கிக்கொண்டு போனேன். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 4கே என்று போட்டிருந்தது.

அரையிறுதியில் வந்தது வம்பு. பாடிப் போன பையன் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தபோது பின்கால் தரையை விட்டு எழும்பியிருந்ததா இல்லையா என்று தகராறு. நடுவர் நேராக என் மேஜைக்கு வந்துவிட்டார். வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு தனிப் படமாக நகர்த்தினேன். ஒன்றில் முன்கால் கோட்டுக்கு மேலே காற்றில் நிற்கிறது. அடுத்ததில் கால் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஊன்றிய அந்த நொடி டிஸ்கில் இல்லவே இல்லை! பின்னாலிருந்து ஒருத்தர், "காசு வாங்கிட்டு அழிச்சிட்டான்யா" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து நோண்டியபோதுதான் விஷயம் புரிந்தது. கேமரா விநாடிக்கு 50 ஃபிரேம் அனுப்புகிறது. ஸ்டிக் 4கேயை உள்ளே வாங்கிக்கொள்ளும், வெளியே கொடுப்பது அதைவிடச் சின்ன 1080 வரிப் படம், அதுவும் விநாடிக்கு 30 ஃபிரேம்தான். ஐந்து ஃபிரேம் வந்தால் இரண்டைக் கடாசிவிடும். அது பழைய, மெதுவான யூஎஸ்பி 2.0 வகை ஸ்டிக். 1080 படத்தை 50 ஃபிரேமில் சுருக்காமல் அனுப்ப விநாடிக்குச் சுமார் 207 மெகாபைட் வேண்டும், யூஎஸ்பி 2.0 ஏட்டுக் கணக்கில்கூட 60ஐத் தாண்டாது. இது போதாதென்று லேப்டாப் பிராசசரும் திணறி இன்னும் சில ஃபிரேமை விட்டிருக்கிறது. பதிவு செய்யும் சாஃப்ட்வேரான ஓபிஎஸ்ஸில் விடுபட்ட ஃபிரேம் எண்ணிக்கை தெரியும். நான் அன்றைக்கு அந்தப் பக்கமே போகவில்லை.

ஆகவே யூஎஸ்பி 3.0 கார்டு வாங்குங்கள். 1080இல் 60 ஃபிரேம் 'பதிவு' ஆகும் என்று போட்டிருக்க வேண்டும். டிவிக்குக் கடத்துவது மட்டும் 60 என்றிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். டிஸ்க்கைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். ஹெச்.264 என்ற சுருக்கும் முறையில் விநாடிக்கு 50 மெகாபிட் வைத்தால் ஆறேகால் மெகாபைட்தான், பழைய ஹார்ட் டிஸ்க்கே தாங்கும். சுருக்காமல் எடுத்தால்தான் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் கட்டாயம். சுருக்கும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் விட்டுவிடுங்கள். ஃபைலை எம்கேவியாக வையுங்கள், ஜெனரேட்டர் நின்றால் அதுவரை எடுத்தது பிழைக்கும். எம்பி4 பாதியில் நின்றால் பெரும்பாலும் திறக்காது.

இன்னொன்று, கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 விநாடியில் இருந்தால் எந்தக் கார்டாலும் பயனில்லை, கால் இழுபட்ட கறையாகத்தான் தெரியும். பகலில் 1/500 வையுங்கள். ராத்திரி விளக்கில் 1/100ஐ விட வேகமாகப் போனால் படம் மினுங்கலாம், முன்னாலேயே எடுத்துப் பாருங்கள்.

டெஸ்க்டாப்புக்குள் செருகும் பிசிஐ கார்டு, பெரிய கேமராக்களின் எஸ்டிஐ கேபிள் என்று யாராவது கீழே வந்து திருத்துவார்கள். திருத்தட்டும். அறுத்த வயலைத் தாண்டி டெஸ்க்டாப்பை யார் தூக்கிக்கொண்டு போவது?

அந்தக் கமிட்டி எனக்குப் பாதிப் பணம் இன்னும் தரவில்லை, அதுகூடப் பரவாயில்லை. அந்தக் கமிட்டி ஆள் ஒருத்தரே தன் தங்கை கல்யாணத்துக்கு என்னையே கூப்பிட்டார். விடிகாலை நாலு மணியிலிருந்து நிற்கிறவனுக்குக் கடைசிப் பந்தி. ரசமும் மோரும்தான் மிச்சம். பாயசம் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். வீடியோக்காரனுக்கு வயிறு கிடையாது என்று இந்த ஜில்லாவில் எவன் சொல்லிவைத்தானோ!

சரி, கார்டு வாங்கும் முன் லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். யூஎஸ்பி 3.0 ஓட்டை பெரும்பாலும் உள்ளே நீலமாக இருக்கும். அது இல்லாமல் கார்டு மட்டும் வாங்கினால் என் கதைதான் உங்களுக்கும்.