மலையேறும் பிக்கப்பும் டீசல் கணக்கும்: கேள்வி பதில்

மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி என்று 22 வருடமாகப் பிக்கப் ஓட்டுகிறேன். காய்கறி, சிமெண்ட், ட்ரெயிலர் எல்லாம் இழுத்தாயிற்று. வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேத்தி பாலாடாவிலிருந்து: அண்ணா, நான் மண்டிக்கு கேரட் இறக்குகிறேன், லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கிடைக்கிறது. நண்பர் கீழிருந்து சிமெண்ட் ஏற்றி வருகிறார், அவருக்கு 8கூட வரவில்லை. இரண்டும் ஒரே மாடல். அவர் இன்ஜினில் கோளாறா?

கோளாறு இல்லை தம்பி, நீங்கள் பாரத்தோடு இறங்கிக் காலியாக ஏறுகிறீர்கள், அவர் காலியாக இறங்கிப் பாரத்தோடு ஏறுகிறார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். ஒரு டன்னை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும், இன்ஜின் டீசலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்தால், ஒன்றரை லிட்டர் வேண்டும். வண்டியும் சரக்குமாக 3 டன் என்றால் நாலரை லிட்டர், இதில் டயர் உராய்வும் காற்றும் இன்னும் சேரவில்லை. இந்த நாலரையை எந்த மெக்கானிக்காலும் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது எடையை மட்டும்தான். பின்னால் எப்போதும் கிடக்கும் பழைய ஜாக்கி, சங்கிலி, நனைந்த சாக்கு, இரண்டாவது ஸ்டெப்னி எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்றால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் 150 மில்லி போகிறது, வருடத்துக்கு 300 நடை என்றால் 45 லிட்டர். இறக்கி வீட்டில் வையுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: பாறை துளைக்கும் கம்ப்ரசரை ட்ரெயிலரில் இழுக்கிறேன். ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முக்குகிறது, இரண்டாவதில் போட்டால் டீசல் குடிக்குமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பயப்படாமல் இரண்டாவதுக்கு மாற்றுங்கள். மேல் கியரில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தும் வண்டி முக்குகிறது என்றால் டர்போ காற்றைச் சரியாகத் தரும் சுற்றுக்குக் கீழே இன்ஜின் போய்விட்டது, ஊற்றுகிற டீசல் முழுதாக எரியாமல் கரும்புகையாகப் போகும். உங்கள் வண்டிப் புத்தகத்தில் அதிக இழுவிசை எந்த ஆர்.பி.எம்மில் என்று போட்டிருப்பார்கள், அந்த இடைவெளிக்குள் ஆர்.பி.எம் மீட்டர் முள்ளை நிறுத்துங்கள். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றாதீர்கள், முன்னாலேயே மாற்றிவிட்டு ஒரே இழுப்பில் ஏறுங்கள், நடுவில் நின்றால் ட்ரெயிலரோடு மறுபடி கிளப்ப கிளட்ச் தட்டு கருகும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, ஆனாலும் ஹாரன் அடித்து, எதிரே வருபவர் நின்றதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இனி ட்ரெயிலருக்கு வருகிறேன், நிறைய பேர் கோட்டை விடுகிற இடம் இதுதான். பத்து கிலோமீட்டர் போய், பிரேக்கை அதிகம் தொடாத ஒரு இடத்தில் ஓரமாக நிறுத்துங்கள், சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, ட்ரெயிலரின் இரண்டு பக்க ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். உடனே தொட வேண்டாம், சுட்டுவிடும். இடது பக்கம் வெதுவெதுப்பாகவும் வலது பக்கம் அனலாகவும் இருந்தால் வலது பிரேக் உரசுகிறது அல்லது பேரிங்கில் கிரீஸ் வற்றிவிட்டது. என்னுடையதில் ஒரு தடவை அப்படித்தான் இருந்தது, பிரேக் லைனர் கருகிய வாசனை வரும்வரை நான் இன்ஜினையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம், ட்ரெயிலரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது வண்டியோடு மாட்டும் கொக்கியில் அமர வேண்டும். பாரம் பின்னால் சாய்ந்தால் இறக்கத்தில் வால் ஆடும், அது டீசலைவிடப் பெரிய பிரச்சினை.

குன்னூரிலிருந்து: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் நல்ல மிச்சம் என்கிறார்கள். உண்மையா?

பொய். தயவுசெய்து செய்யாதீர்கள். காமன்ரெயில் வண்டியில், அதாவது கம்ப்யூட்டர் டீசலை அளந்து விடுகிற இப்போதைய வண்டியில், கியரில் இருந்தபடி காலை எடுத்தால் இன்ஜெக்டர் டீசலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் ஐட்லிங்குக்கு டீசல் போகும். அதாவது நியூட்ரல்தான் செலவு.

சாவியை அணைத்து இறங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அணைத்தால் பிரேக் மிதிக்க உதவும் வாக்குவம் பம்ப் நிற்கும், இரண்டு மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் போகும். தொழிலுக்கு வந்த புதிதில் பர்லியாறுக்கு மேலே நியூட்ரலில் இறங்கி, டிரம் சூடேறி, மிதித்தால் பெடல் கீழே போய் வண்டி நிற்கவே இல்லை. மலைப்பக்கம் உரசித்தான் நிறுத்தினேன். பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர், அவர்கள் முகம் இன்னும் மறக்கவில்லை. ஏறும்போது எந்த கியரோ இறங்கவும் அதே கியர், ட்ரெயிலர் இருந்தால் அதற்கும் ஒன்று கீழே.

மஞ்சூரிலிருந்து: டயருக்கு எவ்வளவு காற்று?

கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு பாரத்துக்கு என்று போட்டிருக்கும் அளவு. காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். மலை ஏறி முடித்த சூட்டில் நாலைந்து கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். ட்ரெயிலர் டயரையும் சேர்த்துப் பாருங்கள்.

ஊட்டியிலிருந்து: பி.எஸ்.6 பிக்கப். மார்க்கெட், வீடு என்று உள்ளூரிலேயே ஓடுகிறது, மைலேஜ் விழுந்துவிட்டது. காலையில் 15 நிமிடம் சூடுபடுத்தித்தான் எடுக்கிறேன்.

அந்த 15 நிமிடத்தை விடுங்கள் சார். உறைபனிக் காலத்திலும் ஒரு நிமிடம் போதும், அப்புறம் மெதுவாக ஓட்டினால் தானே சூடாகும். புகையில் வரும் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கிறது, அது அடைத்தால் கூடுதல் டீசல் ஊற்றி எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். குட்டி ஓட்டத்தில் அந்தச் சூடு வருவதே இல்லை, பாதியில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. வாரம் ஒரு முறை குன்னூர் வரையாவது நிறுத்தாமல் போய் வாருங்கள்.

கூடலூரிலிருந்து: டீசல் பைப்பில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடுமா?

கூடாது. அந்தக் காசுக்கு ஏர் ஃபில்டர் மாற்றுங்கள்.

கோத்தகிரியிலிருந்து மறுபடி: இவ்வளவும் செய்து மிச்சம் ஆகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்புங்கள், கீழே போய் மேலே வந்து அதே பங்கில் மறுபடி நிரப்புங்கள். ஏற்றத்தை மட்டும் அளந்தால் மனம் உடையும், இறக்கத்தை மட்டும் அளந்தால் ஏமாற்றும். லிட்டர், கிலோமீட்டர் இரண்டோடு மேலே எத்தனை கிலோ ஏற்றினீர்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். பத்து நடை எழுதிய பிறகு கேளுங்கள், கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.